போன் லைன் இல்லாமல் கமோடோர் 64

கேள்வி: 1982-இல் வெளிவந்த கமோடோர் 64 ஹோம் கம்ப்யூட்டர் என்னிடம் ஒன்று இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. லேண்ட்லைன் இல்லாமல் அதை இன்டர்நெட்டில் இணைக்க முடியுமா?

பதில்: தாராளமாக. இ.எஸ்.பி.8266 சிப் வைத்த வைஃபை மோடத்தை கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் யூசர் போர்ட்டில் செருகுங்கள். அது 1981-இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் என்ற போன் லைன் மோடத்தின் கட்டளைகளையே புரிந்துகொள்ளும், அதனால் டெர்மினல் புரோகிராமில் (மோடத்தோடு எழுத்துகளில் பேச உதவும் புரோகிராம்) 'ஏடிடிடி' (ATDT, 'டயல் செய்' என்ற கட்டளை) என்று அடித்து, போன் நம்பருக்குப் பதில் டெல்நெட் (இன்னொரு கம்ப்யூட்டரோடு எழுத்து வடிவில் இணையும் இன்டர்நெட் முறை) முகவரியைக் கொடுத்தால், வைஃபை வழியாக அங்கே போய் இணைந்து 'கனெக்ட்' என்று பதில் சொல்லும். கம்ப்யூட்டருக்கு வித்தியாசமே தெரியாது, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்! முதலில் வேகத்தை 1200 பாடில் (baud, மோடம் வேகத்தின் அளவு) வையுங்கள். சிப்பை நீங்களே இணைப்பதானால் கவனம், போர்ட் 5 வோல்ட், சிப்புக்கு 3.3 தான். அப்புறம், இன்றைய வெப்சைட்களை எதிர்பார்க்காதீர்கள். பழைய பாணி பிபிஎஸ்கள் (செய்திகளும் ஃபைல்களும் பகிரும் புல்லட்டின் போர்டுகள்) டெல்நெட்டில் இன்னும் இயங்குகின்றன, அங்கே போங்கள்.