பழைய வண்டியின் சென்ட்ரல் லாக் மக்கர் செய்கிறதா? கேளுங்கள்

ஒரே அழுத்தில் எல்லாக் கதவையும் பூட்டித் திறக்கும் சென்ட்ரல் லாக் பற்றி வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன். கேட்கும்போது எத்தனை கதவு வேலை செய்யவில்லை, அழுத்தினால் சத்தம் வருகிறதா என்ற இரண்டையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, ரிமோட்டை அழுத்தினால் மூன்று கதவு பூட்டிக்கொள்கிறது, பின்பக்க இடது கதவு மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது. புது மோட்டார் வாங்கிவிடட்டுமா?

பதில்: இருங்கள், அவசரப்படாதீர்கள். மற்ற மூன்றும் வேலை செய்வதால் ஃப்யூஸ், ரிமோட் பக்கம் போகவே வேண்டாம். அந்தக் கதவில் காதை வைத்துக்கொண்டு வேறொருவரை அழுத்தச் சொல்லுங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் வருகிறது, பூட்டு மட்டும் நகரவில்லை என்றால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் பூட்டுக்குப் போகும் கம்பி கிளிப்பிலிருந்து கழன்றிருக்கும். சத்தமே வரவில்லை என்றால் கதவின் உட்பலகையைக் கழற்றுவதற்கு முன்னால் கதவுக்கும் வண்டித் தூணுக்கும் நடுவே இருக்கிற ரப்பர் குழாயைப் பாருங்கள். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதற்குள் இருக்கும் வயர்கள் மடங்கி நிமிர்கின்றன, பதினைந்து வருடம் மடங்கினால் எந்தச் செம்பும் முறியத்தான் செய்யும். என் பழைய வண்டியில் ரப்பரைத் தள்ளிப் பார்த்தபோது வயர் எல்லாம் முழுசாகத்தான் தெரிந்தது. ஒவ்வொன்றாக மெல்ல இழுத்துப் பார்த்தேன், ஒன்று மட்டும் ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டது. மேலுறை அப்படியே இருக்க உள்ளே செம்பு அறுந்து பச்சை பூத்துக் கிடந்தது. அந்த இடத்தில் வெறும் முறுக்கிச் சுற்றி டேப் ஒட்டினால் நிற்காது, கொஞ்சம் நீளமாகப் புது வயர் சேர்த்து, இணைப்பு மடங்காத இடத்தில் வருகிற மாதிரி சால்டர் செய்யுங்கள்.

கேள்வி: மீட்டர் வைத்துப் பார்த்தேன், 12 வோல்ட் வருகிறது. ஆனாலும் மோட்டார் சுற்றவில்லை. அப்போது மோட்டார்தானே போய்விட்டது?

பதில்: பெரும்பாலும் ஆமாம், ஆனால் இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது. வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 காட்டிவிடும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்சாரம் ஒன்றுமேயில்லை. இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பை மோட்டாருக்குப் போகும் இரண்டு வயருக்கும் நடுவே இணைத்து ரிமோட்டை அழுத்துங்கள். பளிச்சென்று ஒரு கணம் எரிந்து அணைந்தால் வயர் நல்லது, மோட்டாரை மாற்றலாம். மங்கலாக எரிந்தால் வயரைத் தேடுங்கள். பூட்டும்போது ஒரு திசையிலும் திறக்கும்போது எதிர்த் திசையிலும் மின்சாரம் போகும், அதுவும் ஒரு வினாடிகூட நிற்காது, அதனால் பல்பிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

கேள்வி: பின்கதவு வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளேயிருந்து திறக்கவில்லை.

பதில்: கதவைத் திறந்து அதன் ஓரத்தில் குழந்தைப் பூட்டுக்கான சின்ன நெம்பைப் பாருங்கள். யாராவது தெரியாமல் தட்டியிருப்பார்கள்.

கேள்வி: பூட்டினால் உடனே எல்லாக் கதவும் தானாகத் திறந்துகொள்கிறது சார். பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

பதில்: பேய் ஓட்டுநர் கதவில்தான் இருக்கும்! அந்தக் கதவின் மோட்டாரோடு ஒரு சின்ன சுவிட்சும் இருக்கிறது, பூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்வது அதுதான். வெளியே வாங்கிப் பொருத்திய செட் என்றால் அந்தக் கதவுக்கு ஐந்து வயர், மற்றவற்றுக்கு இரண்டுதான். சுவிட்ச் தேய்ந்துபோனாலோ, கிரீஸ் காய்ந்து லாட்ச் (கதவைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி அமைப்பு) முழுதாக நகராவிட்டாலோ பெட்டிக்குத் தப்பான தகவல் போய்ச் சேர்கிறது. முதலில் லாட்சைச் சுத்தம் செய்து வெள்ளை லித்தியம் கிரீஸ் போடுங்கள், பல வண்டிகளில் அதிலேயே சரியாகிவிடும்.

கேள்வி: பத்துப் பதினைந்து தடவை தொடர்ந்து அழுத்திச் சோதித்தேன். நன்றாக இருந்த கதவும் நின்றுவிட்டது, போச்சா?

பதில்: போகவில்லை. மோட்டார் சூடேறினால் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு பாதுகாப்பு பல மோட்டார்களுக்குள் உண்டு. கொஞ்ச நேரம் ஆறவிட்டு ஒரே ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் பழைய மெர்சிடிஸ் டபிள்யூ123 இருக்கிறது. கதவில் மோட்டாரையே காணோம்!

பதில்: இருக்காது. அதில் பூட்டுகளை இயக்குவது எஞ்சினிலிருந்து வரும் வெற்றிடம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுவிசை. எஞ்சின் நின்ற பிறகும் சில தடவை பூட்டித் திறக்க ஒரு சேமிப்புத் தொட்டி உண்டு. எஞ்சின் ஓடும்போது சரியாகப் பூட்டி, இரவு நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் அசையவில்லை என்றால் எங்கேயோ கசிகிறது. ரப்பர் இணைப்புகள், கதவுக்குள் இருக்கும் டயாஃப்ரம் (அந்த இழுவிசையில் அசைந்து பூட்டை நகர்த்தும் ரப்பர் சவ்வு) இரண்டையும் பாருங்கள். அளவு காட்டும் முள்ளோடு கூடிய வெற்றிடக் கைப் பம்ப் கிடைத்தால் ஒவ்வொரு கதவுக்கும் போகிற குழாயில் தனித்தனியாக வைத்து இழுத்து, எதில் முள் இறங்குகிறது என்று கவனியுங்கள். முள் இறங்கும் குழாயை மட்டும் அடைத்துவிட்டால், பாகம் கிடைக்கும்வரை மற்ற மூன்று கதவையும் ஓட்டிக்கொள்ளலாம்.