சில மணி நேர வேலை

கேள்வி: அமெரிக்க அரசியல் சாசனத்தை அன்று எதிர்த்தவர்கள் முட்டுக்கட்டை போட்டவர்கள்தானே? பேச்சுரிமை, மத உரிமை எல்லாம் தந்தவர் ஜேம்ஸ் மாடிசன் அல்லவா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தந்தார். கேட்டவுடன் தந்தாரா?

1787 செப்டம்பர் 12. பிலடெல்பியாவில் அந்தச் சாசனத்தை எழுதக் கதவைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் பேசி ஓய்ந்த மாநிலப் பிரதிநிதிகள், ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்கள். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன், மக்களின் உரிமைப் பட்டியல் ஒன்றையும் சேர்த்துவிடலாம் என்றார். மாநிலங்களிடம் ஏற்கெனவே பட்டியல்கள் இருக்கின்றன, பார்த்து எழுதச் சில மணி நேரம் போதும் என்பது அவர் கணக்கு. வாக்கெடுப்பில் ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. சொந்த வர்ஜீனியாவே கைவிட்டது. ஐந்து நாள் கழித்து மற்றவர்கள் கையெழுத்திட்டபோது மேசன் உட்பட மூவர் மறுத்துவிட்டார்கள்.

அரசுக்குக் கொடுக்காத அதிகாரத்துக்குத் தடை எதற்கு என்று கேட்டார், சாசனத்தை ஆதரித்து வாதாடிய அலெக்சாண்டர் ஹாமில்டன். சாமர்த்தியமான வாதம்தான். அப்படியானால் அதே சாசனத்தில் ஆட்கொணர்வு உரிமையை (கைதானவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கேட்கும் உரிமை) காக்க மட்டும் ஒரு வரி எப்படி வந்தது? எதிர்த்தவர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

ஒப்புதல் கேட்டு மாநிலங்களிடம் போனபோதுதான் சூடு உறைத்தது. மாசசூசெட்ஸில் ஆதரவு 187, எதிர்ப்பு 168. அதுவும் திருத்தங்கள் வேண்டும் என்ற பரிந்துரையோடு. வர்ஜீனியாவில் 89-க்கு 79. நியூயார்க்கில் வெறும் மூன்று வாக்கு வித்தியாசம். உரிமைப் பட்டியலை வெறும் காகித வேலி என்று நினைத்த மாடிசன், 1789 காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தேர்தலில் ஜேம்ஸ் மன்றோவை எதிர்த்து நின்றபோது, திருத்தம் கொண்டுவருவேன் என்று தொகுதிக்கு வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. 336 வாக்கில் ஜெயித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதை மறுக்கவில்லை. 1791 டிசம்பர் 15-இல் உரிமைப் பட்டியலான பத்துத் திருத்தங்கள் சட்டமாயின. தந்த கை அவருடையது; கேட்டுக் கேட்டு வாங்கியவர்கள் உங்கள் முட்டுக்கட்டைக்காரர்கள்.

அதற்காக மேசனுக்கு ஆரத்தி எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். அவருடைய பண்ணையில் உழைத்ததும் அடிமைகளே. அந்தப் பட்டியலில் அவர்களுக்கு ஒரு வரியும் இல்லை. திருத்தம் வேண்டும் என்று முதலில் கேட்ட மாசசூசெட்ஸோ, அந்தப் பத்துக்கும் முறைப்படி ஒப்புதல் தந்தது 1939-இல்!