ஆல்ப்ஸ் மலையில் நடைப்பயணமும் எளிய வியா ஃபெராட்டாவும் முதல்முறை போகிறவர்கள் எப்படித் திட்டமிட வேண்டும்?

கேள்வியின் விவரத்தில் நீங்கள் எழுதியிருப்பது: ஜெர்மனிக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது, ஊரில் இருந்தபோது வெள்ளியங்கிரி இரண்டு முறை ஏறியிருக்கிறீர்கள், ஆகஸ்ட் நடுவில் நண்பரோடு ஐந்து நாள் விடுப்பு, ஆல்ப்ஸில் நடக்கவும் எளிய வியா ஃபெராட்டா ஒன்றிரண்டு ஏறவும் ஆசை, எங்கே ஆரம்பிப்பது என்று புரியவில்லை. நான் மியூனிக்கில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். கோடை வந்துவிட்டால் மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது மலையில்தான் கழியும். அதை வைத்துச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. வியா ஃபெராட்டா என்றால் இத்தாலிய மொழியில் இரும்புப் பாதை. ஜெர்மன் பேசுகிறவர்கள் கிளெட்டர்ஷ்டைக் என்பார்கள். பாறையில் எஃகு வடத்தை நீளத்துக்குக் கட்டி, கால் வைக்க இரும்புப் படிகளை அடித்திருப்பார்கள். இடுப்பில் கட்டிய ஹார்னஸிலிருந்து வரும் இரண்டு கொக்கிகளை அந்த வடத்தில் மாட்டிக்கொண்டே ஏற வேண்டும்.

திட்டத்தை இறங்கும் வழியிலிருந்து போடத் தொடங்குங்கள். எல்லோரும் ஏறும் படங்களைப் பார்த்துத்தான் மலையைத் தேர்ந்தெடுக்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். என் முதல் வியா ஃபெராட்டா, மியூனிக்குக்குத் தெற்கே கார்மிஷ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆல்ப்ஷ்பிட்ஸ மலை. உயரம் 2,628 மீட்டர். கேபிள் கார் 2,000 மீட்டருக்குச் சற்று மேலேயே கொண்டுபோய் விட்டுவிடும், ஏற வேண்டியது 600 மீட்டர்தான். இரண்டரை மணி நேரத்தில் உச்சி என்று கணக்குப் போட்டோம். செப்டம்பர் கடைசி, ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். முதல் இரும்புப் படியிலேயே வரிசை நின்றது. முன்னால் ஒருவர் தயங்கினால் பின்னால் இருபது பேர் நிற்க வேண்டும், பாறையில் ஒதுங்க இடம் கிடையாது. உச்சியில் நட்டிருக்கும் சிலுவையைத் தொட்டபோது மணி மூன்று.

ஏற்றம் அருமையாக இருந்தது. இறக்கம்தான் எங்களைப் பிழிந்தது. கிழக்கு முகட்டு வழியில் பாதி தூரம் உதிரிக் கல். காலை வைத்தால் கல்லும் சேர்ந்து ஓர் அடி சறுக்கும். ஒவ்வொரு அடியிலும் முழங்கால் பிரேக் போட வேண்டும். நண்பருக்கு வலது முழங்கால் வீங்கிவிட்டது. மெதுவாக நடந்து கிரொய்ட்ஸெக் கேபிள் கார் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது கடைசி வண்டி போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு இன்னும் 900 மீட்டர் இறக்கம். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு தலைவிளக்கு. அவரை முன்னால் விட்டு, விளக்கை நான் அவர் காலடியில் காட்டிக்கொண்டே வந்தேன். ரயிலடிக்கு வந்தபோது இரவு ஒன்பதைத் தாண்டிவிட்டது. யாருக்கும் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் மழை பிடித்திருந்தால் கதை வேறு.

அன்றிலிருந்து பின்னாலிருந்துதான் கணக்குப் போடுகிறேன். கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு? அதில் ஒரு மணி நேரத்தைக் கழித்து வைக்கிறேன். இறங்க எவ்வளவு நேரம்? அதையும் கழித்தால் உச்சியை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் கிடைத்துவிடும். அந்த நேரத்துக்குள் உச்சி வரவில்லை என்றால், இருபது நிமிஷம்தான் பாக்கி என்றாலும் திரும்பிவிட வேண்டும். இதைக் காலையில் கீழே இருக்கும்போதே நண்பரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே போனபின் பேசினால் ஆசைதான் ஜெயிக்கும். இன்னொன்று: கம்பி கட்டிய இடத்தில் திரும்பி இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம், மேலே வருகிறவர்களும் வழியை அடைத்திருப்பார்கள். அதனால் நடுவில் விலகிப் போக வழி இருக்கிறதா, எந்த இடத்தில் என்று முதல்நாளே வரைபடத்தில் பார்த்து வைக்க வேண்டும்.

நேரக் கணக்குக்கு ஜெர்மன் மலைக்காரர்கள் வைத்திருக்கும் ஒரு விதி இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் சமதளத்தில் 4 கிலோமீட்டர், ஏற்றத்தில் 300 மீட்டர் உயரம், இறக்கத்தில் 500 மீட்டர். தூரத்துக்கான நேரத்தைத் தனியாகவும் உயரத்துக்கான நேரத்தைத் தனியாகவும் போட்டு, பெரியதோடு சின்னதில் பாதியைச் சேர்க்க வேண்டும். 12 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏறி அதே 900 மீட்டர் இறங்கும் பாதை என்று வையுங்கள். தூரத்துக்கு 3 மணி. உயரத்துக்கு ஏற 3, இறங்க 1.8, ஆக 4.8 மணி. 4.8 கூட்டல் 1.5, ஆறே கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இதில் சாப்பாடு, போட்டோ, மூச்சு வாங்குவது எதுவும் சேராது. ஆல்ப்ஸ் வழிகாட்டிப் பலகைகளில் பெரும்பாலும் கிலோமீட்டர் இருக்காது, மணிதான் எழுதியிருக்கும். அதுவும் இப்படி ஓய்வைச் சேர்க்காத கணக்குதான். முதல் நாள் பலகை நேரத்தோடு உங்கள் நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றரை மடங்கு ஆகிறது என்றால் மீதி நான்கு நாளுக்கும் அந்த ஒன்றரையாலேயே பெருக்குங்கள்.

வெள்ளியங்கிரி ஏறியவருக்கு மூச்சும் காலும் போதும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழக வேண்டியது இரண்டு விஷயம்: உதிரிக் கல்லில் நடப்பது, ஒரு பக்கம் வெறும் காற்று இருக்கும்போது தலை சுற்றாமல் இருப்பது. அதனால் முதல் இரண்டு நாள் வெறும் நடை வைத்துக்கொள்ளுங்கள். பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் பாதைகளுக்கு நிறம் உண்டு. நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். ஸ்விட்சர்லாந்தில் மஞ்சள் பலகை சாதாரண நடை, வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை மலைப்பாதை, வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கை ஊன்றி ஏற வேண்டிய ஆல்பைன் பாதை. ஒரு சிவப்புப் பாதையை நிதானமாக முடித்து, பள்ளத்தைப் பார்த்தும் கால் நடுங்கவில்லை என்றால் அதற்குப் பிறகு கம்பியைத் தொடலாம்.

வியா ஃபெராட்டாவுக்கு ஏ முதல் ஈ வரை தரம் போடுவார்கள். ஏ என்பது கம்பியைப் பிடித்துக்கொண்டு நடப்பது. பி கொஞ்சம் செங்குத்து, அங்கங்கே இரும்புப் படி. சி வந்தால் கைக்கு நிஜமான வேலை. உங்களுக்கு ஏ, பி மட்டும். பாதையின் மொத்தத் தரத்தைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், மிகக் கடினமான இடம் எது, அது தொடக்கத்தில் இருக்கிறதா முடிவில் இருக்கிறதா என்று பாருங்கள். தொடக்கத்தில் இருந்தால் முடியாதபோது திரும்பிவிடலாம். மூன்று மணி நேரம் ஏறிக் கை சோர்ந்தபின் ஒரு சி வந்தால் சிக்கல்தான். இத்தாலியில் பாதை விவரத்தில் ஈ.ஈ.ஏ. என்று எழுதியிருந்தால் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் போகக் கூடாது என்று பொருள்.

சாதனம் மூன்று: ஹார்னஸ், ஹெல்மெட், வியா ஃபெராட்டா செட் (ஹார்னஸில் கட்டும் கயிறும் இரண்டு கொக்கிகளும்). மூன்றும் கார்மிஷ், இத்தாலியின் கொர்தினா மாதிரி மலை ஊர்களில் விளையாட்டுக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். முதல்முறை வாங்க வேண்டாம். ஆனால் அந்த செட்டுக்குப் பதிலாகச் சாதாரணக் கயிற்றுத் துண்டை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்கிக் கட்டாதீர்கள். காரணம் இதுதான்: வடத்தைப் பாறையில் சில மீட்டருக்கு ஒரு முளை போட்டு இறுக்கியிருப்பார்கள். வழுக்கினால் உங்கள் கொக்கி வடத்தோடு சறுக்கிக் கீழே இருக்கும் முளைவரை போய்த்தான் நிற்கும். கயிறோ ஒரு மீட்டர்கூட இருக்காது, நீங்கள் விழுந்ததோ நாலு மீட்டர். அந்த அதிர்ச்சியைத் தாங்க, செட்டில் ஒரு சின்னப் பைக்குள் மடித்துத் தைத்த பட்டை இருக்கும். விழும்போது தையல் பிரிந்து பிரிந்து வேகத்தை விழுங்கும். இப்போதைய ஐரோப்பியத் தரம் 40 கிலோ முதல் 120 கிலோ வரையிலான எடைக்குத்தான். அதற்குக் கீழே இருக்கும் குழந்தைகளை வழிகாட்டி ஒருவர் கயிறு கட்டி அழைத்துப் போக வேண்டும். செட் காப்பாற்றும் என்பதற்காக விழலாம் என்று இல்லை. படியில் இடித்துக் கால் உடையும். இங்கே விழவே கூடாது என்ற நினைப்போடுதான் ஏற வேண்டும்.

முளை வந்ததும் செய்ய வேண்டியதைக் கீழேயே பத்து முறை பழகுங்கள். இரண்டு காலும் உறுதியாக நிற்கட்டும். இடது கை வடத்தில். வலது கையால் ஒரு கொக்கியின் பின்பக்கத்தை உள்ளங்கையில் அழுத்தித் திறந்து, கழற்றி, முளைக்கு மேலே மாட்டுங்கள். 'க்ளிக்' என்று கேட்க வேண்டும். அப்புறம்தான் இரண்டாவது. எந்த நொடியிலும் ஒரு கொக்கியாவது வடத்தில் இருக்க வேண்டும். அப்புறம் இரண்டு முளைக்கு நடுவே ஒரு ஆள் மட்டும். முன்னால் போகிறவர் அடுத்த முளையில் மாற்றி மாட்டிய பிறகு நீங்கள் கிளம்புங்கள். காலையில் வடம் ஐஸ் மாதிரி இருக்கும், சில இடத்தில் இழை பிரிந்து ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும், தோல் கையுறை கட்டாயம்.

வானிலை விஷயத்தில் பேரம் பேசாதீர்கள். கோடையில் காலை பளிச்சென்று இருக்கும், பதினொரு மணிக்குப் பஞ்சு மாதிரி மேகம் கிளம்பும், மூன்று மணிக்கு இடி. நீங்கள் மாட்டியிருப்பதோ மலை நெடுக ஓடும் இரும்பு. மின்னல் எங்கே விழுந்தாலும் வடம் அதைக் கடத்தும். நான் மதியம் ஒரு மணிக்குள் கம்பியை விட்டு இறங்கிவிடுவதுபோலத்தான் நேரம் வைப்பேன். காலையிலேயே இடிமழை என்று முன்னறிவிப்பு இருந்தால் கம்பி வேண்டாம், பள்ளத்தாக்கில் நடந்துவிட்டு வரலாம்.

எங்கே போவது? முதல் இரண்டு நாள் கார்மிஷ் பக்கம் நடை. மூன்றாம் நாள் ரயிலும் பஸ்ஸுமாக வட இத்தாலியில் இருக்கும் டோலமைட்ஸ் மலைகளுக்கு. ஆல்ப்ஷ்பிட்ஸவும் நல்ல முதல் பாதைதான், வார நாளில் முதல் கேபிள் காரைப் பிடித்தால். ஆனால் உங்களுக்கு என் முதல் பரிந்துரை கொர்தினாவுக்கு மேற்கே இருக்கும் லகஸுவொய் மலை. ஃபல்சரேகோ கணவாய் 2,105 மீட்டரில் இருக்கிறது, அங்கேயிருந்து கேபிள் கார். 1915 மே மாதம் இத்தாலி ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர் தொடுத்ததும் இந்த மலை போர்முனை ஆகிவிட்டது. உச்சியில் ஆஸ்திரியர்கள், நடுவில் பாறை விளிம்பில் இத்தாலியர்கள். ஒருவரை ஒருவர் வெடி வைத்துத் தகர்க்க மலைக்குள்ளேயே சுரங்கம் குடைந்தார்கள். டோலமைட்ஸில் இன்று நாம் ஏறும் பல இரும்புப் பாதைகளின் தொடக்கம், அன்று சிப்பாய்கள் ஏறி இறங்கப் போட்ட கயிறும் ஏணியும்தான்.

இத்தாலியர் குடைந்த சுரங்கம் வழியாக இன்று மேலிருந்து கீழே இறங்கலாம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். உள்ளே நுழைந்ததும் வெயில் அணைந்துவிடும். செங்குத்தான படிகள், மேலெல்லாம் ஈரம், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு வடம். தலைவிளக்கின் வட்டத்துக்கு வெளியே எதுவும் தெரியாது. அங்கங்கே பக்கவாட்டில் ஒரு ஓட்டை, துப்பாக்கியை நீட்டியிருந்த இடம். அதன் வழியே குனிந்து பார்த்தால் கீழே கணவாயின் பச்சைப் புல்லும் நிறுத்தியிருக்கும் கார்களும். அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் கையை வைத்தேன், பாறையில் உளித் தழும்பு அப்படியே இருந்தது. அதற்குமேல் என்னால் வேகமாக இறங்க முடியவில்லை, ஒவ்வொரு அறையிலும் நின்று நின்றுதான் போனேன். ஏறுவதற்கு ஆஸ்திரியப் படையின் கைசர்யேகர் பாதை இருக்கிறது. கம்பியும் ஒரு தொங்கு பாலமும் உண்டு, தரம் எளிது. ஏறும்போது அது, இறங்கும்போது சுரங்கம். ஒரு நாளுக்கு நிறைவாக இருக்கும். இந்தப் பக்கத்துக்கு தபாக்கோ என்ற இத்தாலிய நிறுவனம் போடும் நடைப்பாதை வரைபடத்தின் 03-ஆம் எண் தாளை வாங்கிக்கொள்ளுங்கள், போன் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும்.

ஒரு இரவாவது மலை விடுதியில் தங்குங்கள். முதல் கேபிள் காருக்கும் முன்பே பாதையில் இருக்கலாம், வரிசையே இருக்காது. பெரும்பாலும் பொது அறையில் வரிசையாக மெத்தை, துணியில் தைத்த உறங்குபையை நீங்களே கொண்டுபோக வேண்டும், இரவு பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும், ரொக்கம் கையில் இருக்கட்டும். சைவம் சாப்பிடுகிறவர் என்றால் கவலை வேண்டாம், கைசர்ஷ்மார்ன் என்ற பிய்த்துப் போட்ட இனிப்பு அப்பம், சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸ், கீரை உருண்டை ஏதாவது ஒன்று கிடைக்கும். விடுதிப் பதிவேட்டில் மறுநாள் எங்கே போகிறீர்கள் என்று எழுதுங்கள். நீங்கள் வந்து சேராவிட்டால் மீட்புக் குழு முதலில் அதைத்தான் பார்க்கும். அவசர எண் 112. சிக்னல் இல்லையென்றால் விளக்கோ விசிலோ நிமிஷத்துக்கு 6 முறை, ஒரு நிமிஷம் இடைவெளி, மறுபடி 6. ஜெர்மன் ஆல்பைன் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் விடுதியில் சலுகையும், 25,000 யூரோ வரை மீட்புச் செலவுக் காப்பீடும் வரும். ஹெலிகாப்டர் பில் எவ்வளவு வரும் என்று தெரிந்தால் சந்தா பெரிதாகத் தெரியாது.

கடைசியாக உங்கள் தேதி. ஆகஸ்ட் 15 இத்தாலியில் ஃபெர்ரகோஸ்தோ விடுமுறை. அந்த வாரம் கொர்தினாவில் அறையும் கிடைக்காது, கம்பியில் இடமும் கிடைக்காது. விடுப்பை மாற்ற முடியுமானால் செப்டம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளுங்கள். இடிமழை குறைந்திருக்கும், விடுதிகள் திறந்தே இருக்கும், இருட்ட எட்டு மணி ஆகும். மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு, சரி என்றால் விடுதிக்கு இன்றே எழுதிப் போடுங்கள். இரண்டு தலைவிளக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒன்று.