அமெரிக்கக் கல்லூரியில் படிக்கும்போது ‘லாஸ் ஏஞ்சலஸ் செமஸ்டர்’ எடுக்க எப்படித் தயாராவது? இன்டர்ன்ஷிப்பில் என்ன வேலை தருவார்கள்?

ஊடகப் படிப்பு, மூன்றாம் ஆண்டு, எஃப்-1 எனும் மாணவர் விசா என்று கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

எமர்சன், இதாகா, சிரக்யூஸ், பாஸ்டன் பல்கலைக்கழகம் எனப் பல கல்லூரிகள், மாணவர்கள் ஒரு செமஸ்டர் லாஸ் ஏஞ்சலஸில் தங்கித் திரைத்துறையில் வேலை பழகும் இந்தத் திட்டத்தை நடத்துகின்றன. அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். பகலில் ஸ்டூடியோ, தயாரிப்பு நிறுவனம், ஏஜென்சி (எழுத்தாளர், நடிகர் போன்றோரின் பிரதிநிதியாக இருக்கும் நிறுவனம்) என்று எங்காவது இன்டர்ன்ஷிப். மாலையிலோ அதற்கென ஒதுக்கிய நாளிலோ வகுப்பு.

முதலில் கிரெடிட் கணக்கைப் போட்டுவிடுங்கள். வகுப்பும் வீட்டில் செய்யும் வேலையும் சேர்த்து ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 45 மணி நேரம் என்பது அங்கே பொதுவான அளவுகோல். அந்தக் கணக்கில் வாரம் 20 மணி, 14 வாரம் என்றால் 280 மணி, அதாவது ஏறக்குறைய 6 கிரெடிட். இளநிலை எஃப்-1 மாணவருக்கு செமஸ்டருக்கு 12 கிரெடிட் வேண்டும் என்பதால் மீதியை வகுப்புகளில்தான் எடுக்க வேண்டும். இன்டர்ன்ஷிப் கிரெடிட் பல இடங்களில் விருப்பப் பாடமாகத்தான் சேரும். மேஜரில், அதாவது முதன்மைப் படிப்பில், கட்டாயப் பாடம் பாக்கி இருக்கும்போது கிளம்பினால் பட்டம் தள்ளிப்போகும். எது எதில் சேரும் என்று ஆலோசகரிடம் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிபிடி, அதாவது படிப்பின் பகுதியாக வேலை செய்ய எஃப்-1 மாணவருக்குத் தரும் அனுமதி. ஒரு முழுக் கல்வியாண்டு படித்து முடித்திருக்க வேண்டும். ஆஃபர் கடிதத்தில் நிறுவனத்தின் பெயர், முகவரி, தொடங்கும் தேதி, முடியும் தேதி, வாரத்துக்கு எத்தனை மணி ஆகிய ஐந்தும் இருந்தால்தான் டிஎஸ்ஓ (கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் விசா விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரி) இந்த அனுமதியோடு புதிய ஐ-20 படிவம் தருவது எளிது. அதில் உள்ள தேதிக்கு ஒரு நாள் முன்னால்கூட வேலை செய்யக் கூடாது. “திங்கட்கிழமையே வந்துவிடேன்” என்று அலுவலகம் கூப்பிடும், அவர்களுக்கு இந்த விதி தெரிந்திருக்காது. நிறுவனம் மாறினால் அனுமதியும் புதிதாக வாங்க வேண்டும். பகுதிநேரம் என்றால் வாரம் 20 மணிதான் உச்சம். ஆள் போதவில்லை என்று ஒரு நாள் கூடுதலாக வரச் சொல்லும்போதுதான் பலர் இந்த வரம்பைத் தாண்டுகிறார்கள். சம்பளம் இல்லாத இடமாக இருந்தாலும் டிஎஸ்ஓவைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

சம்பளமில்லா இன்டர்ன்ஷிப்புக்கு நிறுவனங்கள் ஏன் ‘இதற்குக் கிரெடிட் தருகிறோம்’ என்ற கல்லூரியின் கடிதத்தை விடாப்பிடியாகக் கேட்கின்றன என்றால், ‘பிளாக் ஸ்வான்’ படத் தயாரிப்பில் சம்பளமின்றி வேலை செய்த இன்டர்ன்கள் 2011-இல் வழக்குப் போட்டார்கள். இந்த ஏற்பாட்டால் அதிகம் பயன் பெறுவது மாணவரா, நிறுவனமா என்று பார்க்க வேண்டும் என 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கிரெடிட் கிடைப்பது மாணவர் பக்கத்துக்கு ஒரு சான்று. ஆனால் அந்தக் கிரெடிட்டுக்குக் கல்விக் கட்டணம் கட்டுவது நீங்கள்தான். எனவே சம்பளம் தரும் இடம் கிடைத்தால், வேறொரு நிறுவனத்தின் பெரிய பெயருக்காக அதை விட்டுவிடாதீர்கள்.

விண்ணப்பத்தைப் பொறுத்தவரை, பெரிய ஸ்டூடியோக்கள் பல மாதங்களுக்கு முன்பே கதவை அடைத்துவிடும். சிறு தயாரிப்பு நிறுவனங்கள் செமஸ்டருக்கு ஓரிரு மாதம் இருக்கும்போதுதான் தேடும். ரெஸ்யூமே ஒரே பக்கம். எந்தெந்தக் கிழமை வர முடியும், எந்தத் தேதியிலிருந்து என்பதை மேலேயே போடுங்கள். ஆள் எடுக்கும் உதவியாளர் முதலில் தேடுவது அதைத்தான்.

இனி வேலை. டெவலப்மென்ட் (கதைகளைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் பிரிவு) பக்கம் போனால் முக்கியமான வேலை கவரேஜ், அதாவது வரும் ஸ்கிரிப்டைப் படித்து மேலதிகாரிக்கு அறிக்கை எழுதுவது. முகப்பில் தலைப்பு, எழுதியவர், திரைப்படமா பைலட்டா (தொடரின் முதல் எபிசோடா), வகை, பக்க எண்ணிக்கை, யார் அனுப்பியது என்ற விவரங்கள். அதன் கீழே ஓரிரு வரியில் கதைக்கரு, அதாவது லாக்லைன். பிறகு ஒன்று முதல் இரண்டு பக்கக் கதைச்சுருக்கம், ஒரு பக்கம் கருத்துரை. கடைசியாகத் தீர்ப்பு: பாஸ், கன்சிடர், ரெகமெண்ட். இதில் பாஸ் என்றால் ‘வேண்டாம்’.

கதைச்சுருக்கத்தில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். 110 பக்க ஸ்கிரிப்டில் முதல் 30 பக்கத்துக்கே ஒன்றரைப் பக்கம் செலவழித்துவிட்டு, உச்சக்கட்டத்தை நான்கு வரியில் அடைப்பார்கள். படிக்கும்போதே ஏறக்குறைய 10 பக்கத்துக்கு ஒரு வரி குறித்துக்கொண்டு போனால் இது நேராது. நிகழ்காலத்தில் எழுதுங்கள். முடிவை மறைக்காதீர்கள், “அவள் தப்பித்தாளா?” என்று கேள்விக்குறியோடு நிறுத்துவது விளம்பரத்துக்குச் சரி, இங்கே உதவாது. உங்கள் அபிப்பிராயம் ஒரு சொல்கூட இந்தப் பகுதியில் வரக் கூடாது. மேலதிகாரி ஸ்கிரிப்டைத் திறக்காமலே இந்தச் சுருக்கத்தை நம்பி எழுத்தாளரோடு பேச நேரலாம். யார் யாருக்கு அண்ணன் என்பதை நீங்கள் மாற்றி எழுதியிருந்தால் அவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

கருத்துரையில் “வசனம் பலவீனம்” என்று மட்டும் எழுதினால் பயனில்லை. “42-ஆம் பக்கத்தில் இருவரும் ஏற்கெனவே அறிந்ததை ஒருவருக்கொருவர் விளக்குகிறார்கள்” என்றால் அதை வைத்து அவர் பேச முடியும். கிண்டல் வேண்டாம், இந்தத் தாள் எப்படியோ எழுத்தாளரின் ஏஜென்ட் கைக்குப் போய்விடும். வருவதில் மிகப் பெரும்பாலானவை பாஸ்தான். மனம் இளகி வாரம் ஒரு ரெகமெண்ட் போட்டால் அதற்குப் பிறகு உங்கள் தாளை யாரும் படிக்க மாட்டார்கள்.

ஏஜென்சியிலோ மேனேஜர் அலுவலகத்திலோ இருந்தால், உதவியாளர் சாப்பிடப் போகும் நேரத்தில் தொலைபேசி உங்களிடம் வரும். யார், எந்த நிறுவனம், எண், நேரம், யாருக்கு யார் திரும்ப அழைக்க வேண்டும் என எல்லாம் கால் ஷீட்டில் ஏற வேண்டும் (இது தொலைபேசி அழைப்புகளின் பட்டியல், படப்பிடிப்புக் கால்ஷீட் அல்ல). “அவர் இன்னாரோடு மதியம் சாப்பிடப் போயிருக்கிறார்” என்று உண்மையைச் சொல்லிவிடுவதுதான் பெரிய பிழை. யாரோடு யார் பேசுகிறார்கள் என்பதே அங்கே ரகசியம். “இப்போது பேச இயலாது, தகவல் சொல்கிறேன்” என்பதோடு நிறுத்துங்கள்.

வீடு பார்ப்பதற்கு முன் இடத்தை வரைபடத்தில் பாருங்கள். வார்னரும் டிஸ்னியும் பர்பாங்கில், பாராமவுன்ட் மெல்ரோஸ் அவென்யூவில், சோனி கல்வர் சிட்டியில். ஹாலிவுட்டிலிருந்து யுனிவர்சலுக்கு மெட்ரோ பி லைன் போகிறது. பர்பாங்கிலிருந்து கல்வர் சிட்டிக்கு மாலை வகுப்புக்குக் காரில் போவதாகத் திட்டமிட்டால் பாதி நாட்களில் தாமதமாகத்தான் போய்ச் சேருவீர்கள்.

இதைக் கடைசி செமஸ்டராக வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. உதவியாளர் வேலை காலியானால் சீக்கிரம் நிரப்பிவிடுவார்கள். பட்டம் முடிய இன்னும் ஓராண்டு இருப்பவருக்காக யாரும் காத்திருப்பதில்லை. அப்படி வைத்தால், படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பே ஓபிடிக்கு, அதாவது படிப்புக்குப் பிறகு வேலை செய்வதற்கான அனுமதிக்கு, விண்ணப்பிக்கலாம். வேலை அனுமதி அட்டை கையில் வர மாதங்கள் ஆகலாம், அது வராமல் வேலையில் சேர முடியாது. ஆகவே அந்த 90-ஆவது நாளை இன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.