பேரனின் அறிக்கையில் 'பிசிஎல்11ஏ': புற்றுநோய் ஜீனா?

கேள்வி: என் மகள்வயிற்றுப் பேரனுக்கு மூன்று வயது. இன்னும் 'பாட்டி' என்று ஒருமுறைகூட அழைக்கவில்லை. பிசிஎல்11ஏ என்ற துத்தநாக விரல் ஜீனில் பிறழ்வு என்று அறிக்கை வந்திருக்கிறது. ரத்தத்தில் சிசுப் பருவ ஹீமோகுளோபினும் அதிகமாம். அது ரத்தப் புற்றுநோய் ஜீன் என்கிறார்களே? துத்தநாக மாத்திரை கொடுக்கலாமா? அவனிடம் தமிழ் பேசுவதை நிறுத்திவிடவா? — ஒரு பாட்டி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அம்மா, உங்களைக் கலங்கடித்தது அந்த ஜீனின் பெயர்தான். அரிதான ஒரு ரத்தப் புற்றுநோயில் 2ஆம் குரோமோசோமின் துண்டு 14ஆம் குரோமோசோமில் ஒட்டிக்கொள்ளும்போது இந்த ஜீன் அளவுமீறி வேலை செய்கிறது. பெயர் அங்கிருந்து வந்தது. உங்கள் பேரனின் நிலை வேறு: ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று சரியாக வேலை செய்யவில்லை. அந்த அறிக்கைக்குப் புற்றுநோய் என்று பொருள் இல்லை.

கருவில் இருக்கும்போது நமக்கு ஓடுவது சிசுப் பருவ ஹீமோகுளோபின். பிறந்த சில மாதங்களில், பிசிஎல்11ஏ ஜீன் தரும் புரதம், அந்த ஹீமோகுளோபினுக்கான காமா குளோபின் ஜீனருகே போய் உட்கார்ந்து அதை அடக்கிவிடுகிறது. டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ள அதற்கு விரல்கள் உண்டு. ஒவ்வொரு விரலும் 30 அமினோ அமிலம் அளவுள்ள மடிப்பு. நடுவில் ஒரே ஒரு துத்தநாக அணு. மாத்திரை விழுங்கினால் குறைபட்ட புரதம் கூடிவிடாது. தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

புரதம் குறைந்தால் அடக்கமும் தளர்கிறது. பழைய ஹீமோகுளோபின் தங்கிவிடுகிறது. அதனால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகைக்கு 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த மரபணுத் திருத்தச் சிகிச்சை, ரத்த அணுக்களில் இதே நிலையைத்தான் வேண்டுமென்றே உண்டாக்குகிறது! ஆனாலும் நம் இந்திய வம்சாவளியில் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உண்டு. அதிலும் சிசுப் பருவ ஹீமோகுளோபின் கூடலாம். ஏ2 ஹீமோகுளோபின் அளவையும் சிவப்பணுக்களின் பருமனையும் பார்த்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பேச்சுத் தாமதத்துக்குக் காரணம், மூளை வளர்ச்சிக்கும் இந்தப் புரதம் வேண்டும் என்பதே. 2016இல் விவரிக்கப்பட்ட இந்நிலைக்கு டயஸ்-லோகன் நோய்க்குறி என்று பெயர். தசைத் தளர்ச்சியும் மாறுகண்ணும் சேர்ந்து வரலாம். சிலருக்கு வலிப்பும் வரும். கண் நிலைகுத்தினால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பெரும்பாலும் பிறழ்வு குழந்தையிடம் புதிதாகத் தோன்றியதாகவே இருக்கும். யார் வீட்டு ரத்தம் என்ற பேச்சை வீட்டுக்குள் விடாதீர்கள். மகளும் மருமகனும் மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த குழந்தையைப் பற்றி மரபணு ஆலோசகரிடம் பேசட்டும்.

தமிழை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. பேச்சுப் பயிற்சியை இந்த மாதமே தொடங்குங்கள். வீட்டில், உரித்த வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'பழம்' என்று சொல்லிவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். 'ப' என்றாலும் சரி, கையை மட்டும் நீட்டினாலும் சரி, உடனே கொடுத்துவிடுங்கள்.