ஜெயித்துக்கொண்டிருக்கும் குவாட்டர்பேக்கை ஏன் விடுகிறார்கள்? ஆபீசில் கேட்டால் 'சாலரி கேப்' என்கிறார்கள், புரியவில்லை

மினசோட்டாவின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான வைக்கிங்ஸின் ரசிகனிடம் கேட்கக் கூடாத கேள்வி. கேட்டுவிட்டீர்கள், அனுபவியுங்கள்.

நீங்கள் அமெரிக்கா வந்து ஓரிரு வருடம்தான் ஆகியிருக்கும் என்று ஊகிக்கிறேன். மதியச் சாப்பாட்டின்போது சுற்றியிருப்பவர்கள் டிராஃப்ட், கேப் என்று பேச, தயிர் சாதத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவீர்கள். 2016இல் மினியாபொலிஸ் வந்த புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

குவாட்டர்பேக் என்றால் பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர். கேப் என்பது வீரர்களின் சம்பளத்துக்கு ஒரு அணி செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு; ஐபிஎல் ஏலத்தில் அணிக்கு 120 கோடி என்று பர்ஸ் வைத்தார்களே, அதன் ஒன்றுவிட்ட அண்ணன். 2025இல் என்எஃப்எல் என்கிற இந்த லீக்கில் அணி ஒவ்வொன்றுக்கும் 279.2 மில்லியன் டாலர். ஐபிஎல்லில் பர்ஸ் காலி என்றால் காலி. இங்கே ஒப்பந்தம் போடும்போது கொடுக்கும் போனஸை ஐந்து வருடம் வரை பிரித்துக் கணக்கெழுதலாம். பணம் இன்றே போய்விடும், கணக்கில் மெதுவாக வரும். ஆள் நடுவில் போய்விட்டால் எழுதாத மீதி வந்து கழுத்தைப் பிடிக்கும். அதற்கு டெட் மணி என்று பெயர். விற்றுவிட்ட காருக்குத் தவணை கட்டுகிற கதை. எங்கள் பழைய குவாட்டர்பேக் கிர்க் கசின்ஸ் 2024இல் அட்லாண்டாவுக்குப் போன பிறகும் எங்கள் கணக்கில் அவர் பெயரில் 28.5 மில்லியன் நின்றது.

டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை வரிசைப்படி எடுப்பது, போன வருடம் மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை. 2010இல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 78 மில்லியன். 2011இல் விதியை மாற்றினார்கள். அந்த வருடம் முதல் ஆளாகப் போன கேம் நியூட்டனுக்கு நாலு வருடத்துக்கு வெறும் 22 மில்லியன். அன்றிலிருந்து எல்லா அணிகளுக்கும் ஒரே கனவுதான்: குவாட்டர்பேக்கை மலிவாகப் பிடி, மிச்சப் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பு.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2017இல் எங்களுக்குக் கேஸ் கீனம் என்று ஒருவர் வாய்த்தார். யாரும் பெரிதாக எதிர்பார்க்காத ஆள். அணிக்கு 13 வெற்றி, 3 தோல்வி. பிளே ஆஃபில் நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராகக் கடைசி நொடியில் அவர் வீச, ஸ்டெஃபான் டிக்ஸ் பிடித்து ஓட, மொத்தம் 61 கெஜம், ஜெயித்தோம். 'மினியாபொலிஸ் மிராக்கிள்' என்று இன்றும் பேசுகிறார்கள். நான் பார்க்கவில்லை. அன்று 2018 ஜனவரி 14, ஞாயிறு, பொங்கல். விழா வைத்தவர்கள் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி, சிறப்பு விருந்தினர் என்று ஒருவரை மேடையேற்றினார்கள். தமிழின் தொன்மை பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசினார். தமிழின் தொன்மையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சொல்லவே வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிளே ஆஃப் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையில்தான் வைக்க வேண்டுமா? எல்லா வருடமும் இதே கூத்து. போன் பார்த்தால் முன்வரிசை அத்தைகள் முறைக்கிறார்கள். "கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பேர் ஃபுட்பாலா?" என்று ஒருவர் வருடாவருடம் அதே ஜோக்கைச் சொல்கிறார். கழிவறையில் நின்று ஸ்கோர் பார்த்துத்தான் எனக்கு விஷயமே தெரியும்.

எங்கே விட்டேன்? ஆம், கீனம். அடுத்த வாரமே ஃபிலடெல்ஃபியாவில் 38-7 என்று உதைபட்டோம். கீனத்தை விட்டுவிட்டுக் கசின்ஸை எடுத்தார்கள். மூன்று வருடம், 84 மில்லியன், முழுதும் கேரண்டி. நல்ல மனிதர், நல்ல ஆட்டக்காரர். ஆறு வருடத்தில் பிளே ஆஃபில் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். சுமாருக்குக் கொஞ்சம் மேலான ஆளுக்குக் கொட்டிக் கொடுத்தால் இதுதான் கதி என்று அப்போதே மனதில் எழுதிக்கொண்டேன்.

2024 டிராஃப்டில் பத்தாவது ஆளாக ஜே.ஜே. மெக்கார்த்தி வந்தார். சீசன் தொடங்குவதற்குள் முழங்கால் போய்விட்டது. பதிலுக்கு ஆடியவர் சாம் டார்னால்ட், ஊர் ஊராகச் சுற்றி வந்தவர், ஒரு வருடத்துக்கு 10 மில்லியன். 17 ஆட்டத்தில் 14 வெற்றி! கடைசி ஆட்டத்தில் டெட்ராய்டிடம் சொதப்பி, பிளே ஆஃபில் ராம்ஸிடம் 27-9. அந்த ஒரு ஆட்டத்தில் மட்டும் அவரை ஒன்பது முறை சாய்த்தார்கள். அன்று ஜனவரி 13, போகி. பழையதைக் கழிக்கிற நாள்தானே என்று நானும் டார்னால்டைத் தூக்கி நெருப்பில் போட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபது தாண்டியாயிற்று. வைக்கிங்ஸ் தோற்ற நாலு சூப்பர் பௌலையும், அதாவது இறுதியாட்டங்களையும், பார்த்தவர். "ஒன்பது முறை விழுந்தது லைன் செய்த தப்பு, அவன் என்ன செய்வான்" என்றார். லைன் என்றால் குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று காக்கிறவர்கள். நான் எக்செல் ஷீட்டைத் திறந்தேன். வேலையே அதுதான், வேறென்ன தெரியும். டார்னால்டுக்கு வருடம் 33 மில்லியன் கொடுப்பதா, அந்தப் பணத்தில் அதே லைனைச் சரிசெய்வதா? மெக்கார்த்திக்கு நாலு வருடத்துக்கும் சேர்த்தே 22தான். அணி நிர்வாகமும் என் ஷீட்டைப் பார்த்த மாதிரியே செய்தது. டார்னால்ட் 100.5 மில்லியனுக்கு மூன்று வருடம் சியாட்டிலுக்குப் போனார். இங்கே வில் ஃப்ரைஸ், ரையன் கெல்லி என்று லைனுக்கு ஆள் வாங்கினார்கள். டார்னால்ட் சூப்பர் பௌலுக்குப் போனால் உங்கள் வீட்டு டிரைவ்வே பனியை நான் தள்ளுகிறேன் என்று பெரியவரிடம் பந்தயமும் கட்டினேன்.

மிச்சம் உங்கள் ஆபீசிலேயே சொல்லியிருப்பார்கள். மெக்கார்த்தி பாதி நாள் காயத்தில், ஆடிய நாளிலும் தடுமாற்றம். நவம்பர் கடைசியில் சியாட்டிலுக்குப் போய் டார்னால்ட் கண்முன்னே 26-0. ஒரு பாயின்ட்கூட இல்லை. அன்று எங்களுக்கு ஆடியது டிராஃப்டில் யாருமே எடுக்காத ஒரு பையன். 2026 பிப்ரவரியில் டார்னால்ட் சூப்பர் பௌலுக்குப் போனது மட்டுமில்லை, ஜெயித்தும் விட்டார்.

இதைப் படித்துவிட்டு "அன்றே சொன்னோம்" என்று சிலர் வருவார்கள். அன்று நீங்கள் சொல்லவில்லை. 2025 மார்ச்சில் என் ஆபீசில் டார்னால்டுக்காகப் பேசிய ஒரே ஆள் ரிசப்ஷனில் இருக்கிற அம்மா. என் கணக்கு தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. மலிவான குவாட்டர்பேக் லாபம் என்றால், அந்த மலிவான ஆளும் குவாட்டர்பேக்காக இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஷீட்டில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை. ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: கேப் இருப்பதால் யாரும் விடுவதில்லை. இந்த ஆள் இதற்கு மேல் போக மாட்டான் என்று முதலில் முடிவு செய்கிறார்கள். கேப் அப்புறம் வருகிறது, காரணம் கேட்பவர்களுக்குச் சொல்ல.

பெரியவர் வீட்டு டிரைவ்வே என்னுடையதைப் போல இரண்டு பங்கு அகலம். பந்தயம் கட்டும்போது அதை நான் அளக்கவில்லை.