ஜெராக்ஸ் கடையிலேயே கிடக்கும் பையனுக்கு என்ன படிப்பு?

பத்தாவது முடித்த மகன் தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாமாவின் ஜெராக்ஸ் கடையிலேயே கிடக்கிறான், படிப்பு போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. கல்லாவில் உட்காராமல் மெஷினைத் திறந்து வைத்துக்கொள்கிறான் என்றும் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை.

அந்த மெஷினுக்குள் நடப்பது, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் முதல் பாடமான நிலைமின்னியல்தான், அதாவது ஓடாமல் ஓரிடத்தில் நிற்கும் மின்னூட்டம் பற்றிய பாடம். லேசர் பிரிண்டரிலும் இன்றைய ஜெராக்ஸ் மெஷினிலும் டிரம் என்ற உருளைக்கு முதலில் மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. லேசர் பட்ட இடத்தில் மட்டும் அது வடிந்துவிடும். எழுத்தின் வடிவம் அங்கே கண்ணுக்குத் தெரியாமல் விழுந்துவிடுகிறது. டோனர் என்பது மின்னூட்டம் ஏறிய பிளாஸ்டிக் தூள், அது அந்த வடிவத்தில் போய் ஒட்டும். பேப்பரின் பின்பக்கம் டோனருக்கு நேரெதிரான மின்னூட்டம் கொடுத்ததும் தூள் டிரம்மை விட்டுப் பேப்பருக்குத் தாவும். அப்புறம் ஃபியூசர் சூட்டாலும் அழுத்தத்தாலும் அதை உருக்கிப் பிடிக்க வைக்கும். 1938-இல் ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் நியூயார்க்கில் இதை முதலில் செய்து பார்த்தபோது, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்துத்தான் மின்னூட்டம் ஏற்றினார்.

சரி, பையனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். விரல் பட்டால் எழுத்து ஏன் உதிர்கிறது? ஒரே புள்ளி சம இடைவெளியில் திரும்பத் திரும்ப ஏன் விழுகிறது? மழைக்காலத்தில் பிரிண்ட் ஏன் வெளிறுகிறது? ஃபியூசர் சூடாகவில்லை, டிரம்மில் கீறல், ஈரம் குடித்த பேப்பரில் மின்னூட்டம் கசிகிறது என்று காரணத்தோடு சொன்னால், கணக்கும் ஓரளவு வந்தால், பிளஸ் ஒன்னில் கணிதம், இயற்பியல் உள்ள பிரிவில் தயங்காமல் சேருங்கள். காரணம் தெரியாது, ஆனால் கை வேலை சுத்தம் என்றால் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் அல்லது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. அதை முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். உங்கள் தர்மபுரி பக்கம் செட்டிக்கரையிலேயே அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது.

சென்னை தரமணியில் அச்சுத் தொழில்நுட்பத்துக்கென்றே கல்லூரி உண்டு. ஆனால் அச்சகம், பேக்கேஜிங் பக்கம் போக விருப்பமிருந்தால்தான் அது. மெஷின் பழுதில் ஆசைப்படும் பையனை அங்கே அனுப்பினால் சலித்துப்போவான்.

கடையைத் தாண்டி என்ன வேலை என்று கேட்பீர்கள். உலோகப் பாகங்களுக்குப் பவுடர் கோட்டிங் அடிப்பதும் இதே சங்கதிதான்: தூளுக்கு மின்னூட்டம் ஏற்றி ஒட்டவைத்து, சூளையில் உருக்குவது. ஓசூர் பக்கம் தொழிற்சாலைகளில் அந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

அட்மிஷன் வரை கடைக்குப் போகட்டும். திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, ஃபியூசர் ஆறும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.